மாடிக் கதவின் சாவி யாரிடம்?

வெளியூர்ப் பிரயாணம் என்றால் நம் வீடுகளில் என்ன அமர்க்களம் நடக்கிறது! புளியோதரை கிளறியாகிறது. பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லியாகிறது. காஸை மூடியாயிற்றா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறோம். தெருமுனை வரை போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்க்கிற சகோதரிகளை எனக்குத் தெரியும். நானே அந்த ரகந்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆளில்லாத வீட்டின் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிற நாம், அன்று இரவு குழந்தை குட்டிகளோடு படுத்துத் தூங்கப் போகிற விடுதியின் பூட்டை ஒரு தடவையாவது பார்க்கிறோமா? அறைக்குள் போனதும் நாம் பார்ப்பது என்ன? படுக்கை விரிப்பு வெளுப்பாக இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறதா, இவ்வளவுதானே?

நானும் இவ்வளவுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்மபுரியில் ஓர் இரவு தங்குகிற வரையில்.

ஆடிப் பெருக்கும் ஒரு பூட்டும்

சில வருஷங்களுக்கு முன், ஆடிப் பெருக்கை ஒட்டிக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போகலாம் என்று கிளம்பினோம். நான், அவர், என் மாமியார், பத்து வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். ஒகேனக்கல்லில் காவேரி பாறைகளின் மேல் விழுந்து புகைபோல் நீர்த்திவலை எழுப்புவதைப் பார்ப்பதற்கென்று அந்தச் சமயத்தில் ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் நமக்குத் தெரிந்த கல்லேதான். புகைகிற கல்! பெயர் வைத்தவருக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

நாங்கள் போன சமயம் அருவிக்கரையில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. சரி, நாற்பத்தாறு கிலோமீட்டர்தானே, தர்மபுரியிலேயே தங்கிவிட்டுக் காலையில் பென்னாகரம் வழியாகப் போகலாம் என்று முடிவு செய்தோம். "அதியமான் ஆண்ட ஊர். ஔவைப் பாட்டி இந்தத் தகடூருக்கு வந்தபோது ராஜாவே நெல்லிக்கனி கொடுத்து உபசரித்தான். நமக்கு ஓர் அறை கிடைக்காதா?" என்றார் என் மாமியார்.

கிடைத்தது. பஸ் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், கீழே கடைகளும் மேலே இரண்டு மாடிகளுமாக ஒரு விடுதி. பெயர் வேண்டாம். அறை சுத்தமாகவே இருந்தது. இரண்டாவது மாடி. இராத்திரி ஒன்பது மணி. வழியில் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

இரவு ஒன்றரை மணி இருக்கும். பையனுக்கு இளைப்பு வந்துவிட்டது. வழக்கமாக வருகிறதுதான். மருந்தை உறிஞ்சினால் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். ஆனால் மருந்துப் பை எங்கே? கீழே தெருவில் நின்ற காரில்! களைப்பில் மறந்துவிட்டேன். அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார். "கீழே இரும்புக் கதவை இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆளைக் காணோம்."

மேஜைமேல் இருந்த டெலிபோனை எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரசீதில் இருந்த நம்பருக்குச் செல்போனில் கூப்பிட்டோம். பதில் இல்லை. அவர் கதவை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டார். குழந்தையோ ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரும்புக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், பதினைந்து அடி தூரத்தில் எங்கள் கார். அதற்குள் மருந்து. அந்த இருபது நிமிஷத்தை நான் சாகிற மட்டும் மறக்கமாட்டேன்.

அடுத்த அறையிலிருந்து ஒரு நடுத்தர வயது அம்மாள் எழுந்து வந்தார். கல்யாணத்துக்கு வந்தவராம். "என்னம்மா, புள்ளைக்கு இளைப்பா?" என்று கேட்டவர், பதிலுக்குக்கூட நிற்கவில்லை. நேரே தாழ்வாரத்தின் கோடியிலிருந்த ஜன்னலுக்குப் போனார். எதிரே விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு டீக்கடை. "அண்ணா! டீக்கடை அண்ணா! இந்த லாட்ஜுப் பையனைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க! புள்ளைக்கு மூச்சு வாங்குது!" என்று கூவினார். அந்தக் குரலுக்குத் தெருவே விழித்துக்கொண்டது. பையன் விடுதிக்குப் பின்புறம் ஒரு கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தான். சாவி அவன் இடுப்பில் இருந்தது.

மருந்து வந்தது. குழந்தை தேறினான். விடிந்ததும் என் மாமியார் கீழே இறங்கிப் போய் மானேஜர் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கள் பாதுகாப்புக்குத்தான் பூட்டுகிறோம், அம்மா. திருடன் வந்துவிடக் கூடாது பாருங்கள்" என்றார் மானேஜர்.

"திருடன் உள்ளே வரக் கூடாது. வாஸ்தவம். நாங்கள் வெளியே போகவும் கூடாதா, தம்பி? இராத்திரி கீழ்க் கடையில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள்?"

மானேஜர் பதில் சொல்லவில்லை. பில்லில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். அத்தை கேட்டது தள்ளுபடியை அல்ல.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடுதியில் நம் பத்திரம் என்று சொன்னால் நாம் நினைப்பதெல்லாம் ஒரு பாதிதான்: வேண்டாதவர் உள்ளே வரக் கூடாது. மறு பாதியை மறந்துவிடுகிறோம்: வேண்டியபோது நாம் வெளியே போக முடிய வேண்டும்.

மறந்துபோன மறு பாதி

நான் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்தவற்றைச் சொல்கிறேன்.

2025 ஏப்ரல் 29-ந் தேதி இரவு, கல்கத்தாவில் படா பஜார் பக்கத்தில் ஒரு விடுதியில் தீப்பிடித்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போயிருந்த ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் அவர்களுடைய தாத்தாவும் இருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரை நெருப்புத் தொடவே இல்லை. புகைதான் கொன்றது.

2019 பிப்ரவரி 12-ந் தேதி விடியற்காலை, டில்லி கரோல் பாக்கில் ஓர் ஓட்டலில் தீ. பதினேழு பேர் மாண்டார்கள். தாழ்வாரச் சுவர்களில் அழகுக்காகப் பதித்திருந்த மரப்பலகைகள் தீக்குத் தீனியாகிப் போயின.

2022 செப்டம்பர் 12-ந் தேதி செகந்திராபாத்தில் நடந்தது இன்னும் நம் ஊர் மாதிரி. கீழே மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடை, மேலே விடுதி. கடையில் பிடித்த தீயின் புகை மாடிப்படி வழியாகவே மேலே ஏறிற்று. எட்டுப் பேர் இறந்தார்கள். கீழே கடை, மேலே அறைகள் என்ற அமைப்பு நம் ஜில்லாத் தலைநகரங்களில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் நம் தேசத்தில்தான் நடக்கும் என்பதில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் 'வைன்காஃப்' என்று பதினைந்து மாடி ஓட்டல் ஒன்று இருந்தது. 'தீப்பிடிக்காத கட்டிடம்' என்றே விளம்பரம் செய்துவந்தார்கள். 1946 டிசம்பர் 7-ந் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தது. கட்டிடம் என்னவோ நின்றது. உள்ளே இருந்தவர்களில் 119 பேர் மாண்டார்கள். ஏனென்றால் அவ்வளவு பெரிய ஓட்டலுக்கு இருந்தது ஒரே ஒரு மாடிப்படி. அதிலேயே புகை ஏறிவிட்டது. 1980-ல் லாஸ் வேகாஸ் நகரத்தில் இருபது மாடிக்கு மேற்பட்ட ஓட்டலில் தீ பிடித்தது தரைத் தளத்தில். ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் நெருப்பு எட்டிக்கூடப் பார்க்காத மேல் மாடிகளில் இருந்தவர்கள்.

இவற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நெருப்புக்கு முன்னால் புகை வருகிறது. புகை மேலே ஏறுகிறது. மாடிப்படியும் லிப்டுக் கிணறுமே அதற்குப் புகைபோக்கி. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், தெரியாத ஊரில், அந்தப் புகைக்குள் வழி தேடக் கூடாது. வழியை முன்னாலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சாவி வாங்கும்போது மூன்று கேள்விகள்

விடுதியில் பெயர் எழுதும்போதே, சங்கோசப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்.

"இராத்திரி கீழ்க் கதவைப் பூட்டுவீர்களா? சாவி யாரிடம் இருக்கும்? அவர் எங்கே படுப்பார்?"

இதைக் கேட்டால் மானேஜர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார். பார்க்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் சாமான்களை இறக்குங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது அம்மா" என்பது பதில் அல்ல. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சாவியோடு ஓர் ஆள் கதவுக்குப் பக்கத்திலேயே படுக்க வேண்டும். அவருடைய செல்போன் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள். நாங்கள் கூப்பிட்ட நம்பர் யார் வீட்டிலோ அடித்துக்கொண்டிருந்ததை மறந்துவிடாதீர்கள்.

எந்த மாடியில் அறை கேட்பது? தரைத் தளத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டலாம், எட்டிப் பார்க்கலாம். ரொம்ப உயரத்தில் போனாலோ இறங்குவது கஷ்டம். முதல் மாடி அல்லது இரண்டாவது மாடி நமக்குப் போதும். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் முதல் மாடியே உத்தமம். அருவி தெரியாவிட்டால் பரவாயில்லை. காலையில் நேரிலேயே போய்ப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம்!

பெயர் எழுதும் இடத்தில் அடையாளச் சீட்டு கேட்பார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஆதார் நகலை முழு எண்ணோடு கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படியான, எண் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டலாம். நகல் கொடுத்தால் அதன் மேலேயே தேதியையும், 'அறை எடுப்பதற்காக' என்றும் எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலிருந்தே இணையதளத்தில் அறை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதியின் பெயரில் போலி நம்பர் போட்டுப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'இப்போதே முழுப் பணமும் அனுப்பினால் பாதி விலை' என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நில்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் செலவழியுங்கள். முதலில் கதவு. தாழ்ப்பாள் முழுவதும் விழுகிறதா, பூட்டு உள்ளிருந்து சுலபமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து அறைக்குப் போகும் நடுக் கதவு இருந்தால் அதன் தாழ்ப்பாளையும் பாருங்கள். குளியலறை ஜன்னலையும் மறக்கக் கூடாது. தாழ்ப்பாள் சரியில்லை என்றால் வேறு அறை கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிறகு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மாடிப்படி வரை ஒரு நடை போய் வாருங்கள். நம் அறையிலிருந்து படி வரை எத்தனை கதவு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது. ஆனால் சுவரைத் தடவிக் கதவுகளை எண்ண முடியும். இரண்டாவது படி இருக்கிறதா, அதன் கதவு திறக்கிறதா, அங்கே பழைய மெத்தையும் ஒட்டடையுமாக அடைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு. சந்தோஷமாக எண்ணுவார்கள்.

படுக்கும்போது தலைமாட்டில் நான்கு சாமான்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும்: அறைச் சாவி, டார்ச், செல்போன், மருந்துப் பை. மருந்துப் பையைக் காரில் வைக்காதீர்கள். அந்தப் பாடம் எனக்கு எவ்வளவு விலை என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இராத்திரி யாராவது கதவைத் தட்டி, "ரூம் பையன், தண்ணீர் கொண்டு வந்திருக்கிறேன்" என்றால்? நீங்கள் கேட்கவில்லை என்றால் திறக்க வேண்டாம். கீழே டெலிபோன் செய்து விசாரியுங்கள். நிஜமான பையனாக இருந்தால் இரண்டு நிமிஷம் காத்திருப்பதில் அவனுக்கு நஷ்டமில்லை. தனியாகப் பிரயாணம் செய்கிற சகோதரிகள், அறை எண்ணைப் பலர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று மானேஜரிடம் சொல்லலாம். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதுமே! எந்த ஊர், எந்த விடுதி, எந்த அறை என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

புகை வந்துவிட்டால்

கருகல் வாடை வந்தால் சாமான்களைத் தேடாதீர்கள். சாவியை எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வர நேர்ந்தால் வேண்டும். கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடவில்லை என்றால் மெல்லத் திறந்து, குனிந்து, தேவையானால் தவழ்ந்து, சுவரோரமாகப் படிக்குப் போங்கள். நல்ல காற்று தரையோரத்தில்தான் இருக்கும். வெளியே வந்ததும் அறைக் கதவைச் சாத்துங்கள். சாத்திய கதவு தீயைக் கொஞ்ச நேரம் தடுக்கும்.

லிப்டில் ஏறவே கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தபோது ஒரு குழந்தை உள்பட ஆறு பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தவர்கள் அவர்கள்.

கதவு சுட்டால், அல்லது தாழ்வாரம் முழுவதும் புகை என்றால், வெளியே போகாதீர்கள். துண்டையும் போர்வையையும் நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் திணியுங்கள். ஏ.சி.யை நிறுத்துங்கள். வெளியே புகை இல்லாத பக்கத்து ஜன்னலைத் திறந்து, டார்ச்சைக் காட்டிக் குரல் கொடுங்கள். 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டு, மாடியையும் அறை எண்ணையும் சொல்லுங்கள். குதிக்கத் துணிய வேண்டாம். பக்கத்து அறை அம்மாள் செய்ததுபோல, தெருவை எழுப்புவது எப்போதும் நல்ல யோசனை.

வாடையில்லாத எமன்

இன்னோர் எமன் இருக்கிறான். அவனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயு. காற்றோட்டமில்லாத அறையில் கரியோ காஸோ எரிந்தால் இது உண்டாகிறது. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. தூங்குகிறவர் எழுந்திருப்பதே இல்லை.

2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளக் குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், ஒரே அறையில் குளிருக்குக் காஸ் ஹீட்டர் வைத்துக்கொண்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திப் படுத்தார்கள். காலையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அடுப்புக் கரி கனன்றபடியே இருந்த விடுதி அறையில் தூங்கிய இரண்டு பேர் அதேபோல இறந்தார்கள்.

ஏற்காட்டுக்கோ, தர்மபுரிக்குப் பக்கத்து வத்தல்மலைக்கோ, ஊட்டிக்கோ போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அறைக்குள் கரி அடுப்பு வேண்டாம்; காஸ் ஹீட்டர் வேண்டாம். இன்னொரு கம்பளி கேளுங்கள். குளியலறையில் காஸில் சுடவைக்கும் கீசர் இருந்தால், காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தைகளை அனுப்புங்கள். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் மூன்றும் சேர்ந்து பலருக்கு ஒரே சமயத்தில் வந்தால், உடனே எல்லோரும் வெளியே காற்றாட வந்துவிடுங்கள்.

சுவருக்கும் கண் உண்டா?

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருப்பதற்கில்லை. 2024 டிசம்பரில் ராமேசுவரம் அக்னி தீர்த்தத்துக்கு அருகே, நீராடி வந்த பெண்கள் உடை மாற்றும் தனியார் அறை ஒன்றில் ரகசியக் காமிரா வைத்திருந்தது தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்தது தீர்த்தமாட வந்த ஒரு பெண்மணிதான். போலீஸார் இருவரைக் கைது செய்தார்கள். 2018-ல் சென்னை ஆதம்பாக்கத்தில், பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் ஒளித்துவைத்த காமிராக்களைக் கண்டுபிடித்ததும் அங்கே தங்கியிருந்த பெண்களே.

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மெல்லச் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். காமிராவின் கண்ணாடி சிறு புள்ளியாக மின்னும். படுக்கையையோ குளியலறையையோ பார்த்தபடி இருக்கும் பிளக், கடிகாரம், காற்றுத் துளை, வேலை செய்யாத சுவிட்சு ஆகியவற்றை நன்றாகக் கவனியுங்கள். சந்தேகமான பொருள் அகப்பட்டால் பிடுங்கிப் போடாதீர்கள், அது சாட்சி. ஒரு துணியால் மூடி, படம் எடுத்துக்கொண்டு, 112-க்குச் சொல்லுங்கள். மானேஜரிடம் சண்டை பிடிப்பது அப்புறம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2013-ல் இது தனிக் குற்றமாகச் சட்டத்தில் ஏறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி, முதல் தடவைக்கு ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை. தலை குனிய வேண்டியவர்கள் நாம் அல்ல.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1998-ல் டில்லியில் ஒரு பெரிய ஓட்டலில், காவலாளியிடம் சாவியோடு ஒப்படைத்த கார் திருட்டுப் போயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2019-ல் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட ஓட்டல், 'சொந்தக்காரர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துவிட்டதாலேயே தன் கவனக்குறைவுக்குத் தப்பிவிட முடியாது என்றது கோர்ட்டு. ஆகவே சாவியைக் கொடுத்தால் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள்.

அருவிக்குப் போகுமுன்

ஒகேனக்கல் போகிறவர்கள், விடுதியை விட்டுக் கிளம்புமுன் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கர்நாடக அணைகளில் திறந்துவிடும் தண்ணீரை எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். 2018-லும் 2024-லும் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. வெள்ளம் ஏறினால் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போட்டுவிடுவார்கள். "ஒன்றும் ஆகாது, ஓரமாகக் கூட்டிப் போகிறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். 2015-ல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் காவேரியோடு போனார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் பரிசலில் கால் வைக்கக் கூடாது. மடியிலுள்ள குழந்தைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "போதும் அம்மா, நாங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள்! நம் ஊர்களில் ஆயிரக்கணக்கான விடுதிகளில் தினந்தோறும் ஜனங்கள் சௌக்கியமாகத் தூங்கி எழுந்து போகிறார்கள். நல்ல மானேஜர்களும் விசுவாசமான பையன்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்கிற ஆள் இருந்தால்தான் செய்கிற ஆளுக்கும் ஞாபகம் வரும். பத்துக் குடும்பங்கள் அதே கேள்வியைக் கேட்டால், பதினோராவது குடும்பம் வரும்போது சாவி கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

போன வருஷம் தீர்த்தமலைக்குப் போனோம். அரூரில் தங்கினோம். சாமான்களை வைத்ததும் வைக்காததுமாக, என் மாமியார் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தார். கதவு கதவாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார்கள். கீழே இறங்கி, பூட்டைப் பார்த்து, சாவிக்காரப் பையனின் பெயரையும் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"இடது கைப் பக்கம் ஆறு கதவு, அம்மா. அப்புறம் படி. சாவி கீழே பெஞ்சில் படுக்கிற அண்ணனிடம் இருக்கிறது. நான் கேட்டுவிட்டேன்" என்றான் என் பிள்ளை.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.